நாலு விரல் கூடுதல்

இன்று மாலை மண்டி மொஹல்லாவில் மல்லிகை வாங்கினேன். பூக்கார அக்கா ஒரு முழம் அளந்து, மேலே விரல்களை வைத்து இன்னும் கொஞ்சம் சேர்த்து வெட்டினார்.

"ஒரு முழம் போதும்க்கா."

"ஒரு முழந்தான் மேடம். இத்தனை வருஷமா எங்க வீட்டுக்காரர் அளந்தாரு. வாதம் வந்து இப்ப கையத் தூக்க முடியல. என் கை அவரு கைய விட நாலு விரல் கம்மி. அதைச் சேத்துக் குடுக்கிறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சிரித்தார். "நாலுன்னு சொல்லிட்டு தினமும் அஞ்சு விரல் வைக்கிறா மேடம்!"

"இருக்கட்டும். உங்க கை சின்னதுன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது."

நான் கணக்கு டீச்சர். நாலுக்குப் பதில் அஞ்சு என்றால் தப்புதான்.

நீங்கள் எத்தனை மார்க் போடுவீர்கள்?