மெர்லிமாவுக்கு ஒரு மங்கு

சனிக்கிழமை, காலை 7.30. கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து முனையத்திலிருந்து மலாக்கா பஸ் கிளம்பியது. டிக்கெட் 14 மலேசிய வெள்ளி 50 காசு. தூரம் 145 கிலோமீட்டர். இருக்கை எண் பன்னிரண்டு, ஜன்னலோரம். காலடியில் ஒரே ஒரு பை. அதில் நாளை கட்டவேண்டிய வெள்ளைச் சேலை, குழந்தைக்கு இரண்டு சட்டை, ஒரு சின்னத் துணிப்பைக்குள் சுருட்டி வைத்த மாதவிடாய்க் கப். பேட் ஒன்றுகூட இல்லை. மறந்துபோய் விட்டுவரவில்லை. எடுத்து பைக்குள் வைத்துவிட்டு, மறுபடி வெளியே எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டாம் நாள். இரண்டாம் நாள் என்றால் என்னவென்று பெண்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆண்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இருபது வருடமாக ஊர் சுற்றி எழுதுகிறேன். அதில் ஒரு பயணத்தின் தேதியைக்கூட நான் குறித்ததில்லை, என் உடம்புதான் குறித்தது. பேட் வைத்துக்கொண்டு நம் ஊர் வெயிலில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் தொடை இரண்டும் வெந்துபோகும். அப்புறம் அதைக் கழுவ வேண்டும். கழுவாமல் போட்டால் பேய் வந்து நக்கும் என்று ஹாஸ்டலில் மலாய்த் தோழிகள் சொன்னார்கள், எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். பேய்க்குப் பயப்படாத வயது வந்த பிறகும் கை மட்டும் கழுவிக்கொண்டே இருந்தது. எத்தனை பஸ் நிலையக் கழிவறைகளில், வெளியே ஆள் கதவைத் தட்ட, நான் உள்ளே துணி துவைக்கிற மாதிரி நின்றிருக்கிறேன்! கொஞ்ச நாள் டாம்பன் வைத்துப் பார்த்தேன். கடைசி நாட்களில் காய்ந்துபோய் வலி உயிர் போனது. போதாததற்கு, தலைநகரின் பெரிய மருந்துக் கடைகளைத் தாண்டினால் அது கிடைக்கவும் கிடைக்காது.

நாலு மாதத்துக்கு முன், உள்ளே வைத்து இரத்தத்தைப் பிடிக்கும் இந்தச் சிலிக்கான் கப்பை வாங்கினேன். முதல் மாதம் குளியலறைத் தரையில் நாற்பது நிமிடம் குந்தி உட்கார்ந்து அழுதேன். உள்ளே போய்விட்டது, வெளியே வரவில்லை. கப்பின் அடியிலுள்ள தண்டைப் பிடித்து இழுக்கக்கூடாது, அடிப்பாகத்தைக் கிள்ளிக் காற்றை விடவேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. இரண்டாம் மாதம் ஒழுகியது. மூன்றாம் மாதம் ஒழுகாமல் நின்றது. இது நாலாவது.

மெர்லிமாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள் என் சித்தி மகள் பிலோமினா. அவளுடைய இரண்டாவது குழந்தைக்கு நாளை ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். மூத்தவள் ஜெனிக்கும் என்னைத்தான் கேட்டாள். ஆறு வருடத்துக்கு முன், "லீவு கிடைக்கல பிலோ" என்று போனில் சொல்லிவிட்டு வீட்டிலேயே போர்த்திப் படுத்துக்கொண்டேன். சொன்னது பச்சைப் பொய். அதற்கு முந்தின வருடம் ஒரு கல்யாணத்தில், கோயில் நிறைந்த கூட்டத்தில், என் மஞ்சள் சேலையின் பின்புறத்தைப் பார்த்து ஒரு வரிசையே குசுகுசுத்தது. யாரோ ஓர் அம்மா என் முதுகை மறைத்துக்கொண்டே வாசல்வரை வந்துவிட்டார். அந்த நடை இன்னும் எனக்குள் முடியவில்லை. ஜெனியின் ஞானஸ்நானமும் இரண்டாம் நாளில்தான் விழுந்தது. போகவில்லை. பிலோ அதற்கப்புறம் என்னோடு கேட்டதற்குப் பதில் சொல்கிற அளவுக்குத்தான் பேசினாள்.

இந்த முறை அழைத்தபோது ஒரே வாக்கியம்தான். "இந்தத் தடவையும் லீவு கிடைக்கலன்னா இப்பவே சொல்லிடுக்கா, வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் நாள்காட்டியைப் பார்த்தேன்.

காலை 9.45. மலாக்கா சென்ட்ரல். மெர்லிமாவ் வழியாகப் போகிற பஸ் 10.15க்கு. டிரைவர் நம்மவர், மீசைக்காரர்.

"எங்கம்மா?"

"மெர்லிமாவ் பாசார்."

"நாலு வெள்ளி. டாயிலெட் போறதுன்னா இப்பவே போயிட்டு வந்துடும்மா. வழியில நிறுத்தமாட்டேன் லா."

"வேணாம்ண்ணே, தேவையில்ல" என்றேன். இன்னும் ஆரம்பிக்கவில்லைதான்; ஆனாலும் கழிவறைக்குள் போய்ப் பார்க்காமல் பஸ் ஏறுகிறவளா நான் என்று எனக்கே ஆச்சரியம்.

ஊரை விட்டதும் இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய்க்காக வளர்க்கும் பனை. நடுநடுவே கம்போங் எனும் மலாய்க் கிராமத்து வீடுகள், வாசலில் ரம்புத்தான் மரம், ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு மணி நேரம் ஆயிற்று.

காலை 11.20. மெர்லிமாவ். பிலோ வர இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று செய்தி வந்தது. நிழலுக்காகக் காக்கா கடைக்குள் நுழைந்தேன். தமிழ் முஸ்லிம் ஒருவரின் மளிகைக் கடை. பாசாரில், அதாவது சந்தையில், யாரைக் கேட்டாலும் அதை அப்படித்தான் சொல்வார்கள். பருப்பு, கருவாடு, தீப்பெட்டி, எல்லாம் தாண்டி மூலையில் பேட் அடுக்கியிருந்தது. இறக்கை வைத்தது, இறக்கை இல்லாதது, இரவுக்கானது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? யாருக்குத் தெரியப்போகிறது?

"என்னம்மா தேடுறீங்க?" என்றார் காக்கா.

எனக்கு என்னைத் தெரியும். பையில் பேட் இருந்தால் நாளைக் காலை பயத்தில் அதைத்தான் எடுப்பேன். "மைலோ பாக்கெட் ஒண்ணு கொடுங்க காக்கா" என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

பிலோ மோட்டாரை நிறுத்தியவள் இறங்கவில்லை. தலைக்கவசத்தை நீட்டினாள். "வந்துட்டியே" என்றாள். சந்தோஷமா குத்தலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு கிலோமீட்டரும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மதியம் 1.00. தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடு, முன்னால் தகரம் இறக்கிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பிலோவும் கணவன் அந்தோணியும் பின்னாலுள்ள மூன்று ஏக்கரில் ரப்பர் மரம் வெட்டுகிறார்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். சுற்றிலும் எல்லாரும் செம்பனைக்கு மாறிவிட்டார்கள், இவர்கள் மாறவில்லை. அந்தோணியின் அம்மா, எனக்கு அத்தை முறை, நாளைய விருந்துக்கு வாசமான பண்டான் இலை அரைத்துக்கொண்டிருந்தார். அகர்-அகர், கடல்பாசி ஜெல்லி, செய்யப்போகிறாராம். மேசை நிறைய அச்சுகள், பூ, மீன், நட்சத்திரம்.

அடிவயிறு லேசாகப் பிடிக்க ஆரம்பித்தது. ஒரு சின்னச் சட்டி கேட்டு வாங்கி, கப்பை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பாத்திரம் காயவைக்கும் தட்டில் ஓர் ஓரமாகக் கவிழ்த்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அது என் முட்டாள்தனம்.

மதியம் 2.30. குளித்து, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வந்தால் தட்டில் கப் இல்லை. தரையில் இல்லை. சட்டியில் இல்லை. வயிறு நன்றாகவே பிடிக்கத் தொடங்கியிருந்தது. "அத்தை, இங்க ரோஸ் கலர்ல சின்னதா ஒண்ணு வச்சிருந்தேனே..."

"உன்னோடதா அது? நல்லா சாஃப்ட்டா இருக்கு லா, எங்க வாங்கின? மணி மாதிரி ஒரு அச்சு எங்கிட்ட இல்லவே இல்ல" என்று அத்தை குளிர்பெட்டியைத் திறந்தார்.

பூவுக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு டீ கிளாஸ். அதற்குள் நிமிர்ந்து நின்றது என் கப், கிட்டத்தட்ட வாய்வரை பச்சைப் பசேலென்று பண்டான் அகர்-அகர்.

"தண்டு இருக்கிறதால நிக்கமாட்டேங்குது, அதான் கிளாஸ்ல வச்சேன். ஓரத்துல ஓட்டை வேற. ஒழுகும்னு ஓட்டைக்குக் கீழயே நிறுத்திட்டேன்" என்றார் பெருமையாக.

மாதாவே! ஓடிப்போய்க் கிளாசோடு தூக்கினேன். ஜெனி பின்னாலேயே வந்துவிட்டாள். "பெரியம்மா, அந்த மணி எனக்கு!" யாருக்கும் கிடையாது என்று அடிப்பாகத்தைக் கிள்ளினேன். மூன்று மாதம் பழகிய கை அல்லவா, அகர்-அகர் முழுசாக வழுக்கி என் உள்ளங்கையில் விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். ருசி நன்றாகத்தான் இருந்தது. ஜெனி அழ ஆரம்பித்தாள். அத்தை ஒரு மீனைக் கொடுத்து அவளை வெளியே கூட்டிப்போனார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்ற பிலோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். "அது என்னக்கா?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இவளிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லி ஆறு வருடம் போயிருந்தது. அதனால் உண்மையைச் சொன்னேன். கப் என்ன, எங்கே வைப்பது, எப்படி மடிப்பது, எப்படி எடுப்பது, எல்லாம். வெட்கத்தில் காது சுட்டது. பிலோ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திடீரென்று முகம் விரிந்தது.

"ஏ! இது மங்குதானே!"

மங்கு என்பது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணம். இவள் பதினேழு வயதிலிருந்து மங்கு துடைக்கிறவள்.

"ரொம்பறதுக்குள்ள எடுத்து ஊத்தணும், தொடைச்சுட்டுத் திரும்ப வைக்கணும். அவ்வளவுதானே? லேட்டாச்சுன்னா கட்டிப்பால் ஆயிடும்!" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். குழந்தை குலுங்கியது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

சிரிப்பு அடங்கியதும் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். மஞ்சள் சேலை, குசுகுசுப்பு, ஜெனியின் ஞானஸ்நானத்தன்று போர்த்திக்கொண்டு படுத்தது. நாளை வெள்ளைச் சேலை, இரண்டாம் நாள், பையில் பேட் இல்லை என்பதுவரை.

பிலோ குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். "அதுக்கா வரல?" என்றாள். அப்புறம், "நான் தோட்டத்துல இருக்கிறவன்னு உனக்கு எளக்காரமோன்னு நெனச்சேன்க்கா."

எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. நான் ஒளித்தது என் வெட்கத்தை. அவள் ஆறு வருடமாகச் சுமந்தது வேறொன்றை. மன்னிப்புக் கேட்டேன். அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் சட்டியை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். "மங்கைக் குடு, கொதிக்க வைக்கிறேன். இந்தத் தடவை நானே காவல்."

மாலை 5.00. சந்தான் தீர்ந்துவிட்டது, தேங்காய்ப்பால் இல்லாமல் நாளைக் கறி எப்படி என்று சொல்லி, பிலோ மோட்டாரை எடுத்துக்கொண்டு மெர்லிமாவுக்குப் போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.15. குளியலறை வீட்டுக்குப் பின்னால், தனியாக. குந்தும் கழிவறை, தொட்டி நிறையத் தண்ணீர், ஒரு கயோங், அதாவது தண்ணீர் மொள்ளும் குவளை. நட்சத்திர ஹோட்டல்களைவிட இந்தக் கப்புக்கு இதுதான் தோது. ஊற்றினேன், கழுவினேன், மடித்தேன், வைத்தேன். உள்ளே விரிந்ததா என்று விரலால் சுற்றிப் பார்த்தேன். விரிந்திருந்தது. வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டேன். மடிப்பில் ஊசியைக் குத்தினேன்.

காலை 9.00. தோட்டத்துக் கோயில் சின்னது, பத்துப் பன்னிரண்டு பெஞ்சு. எனக்கு இரண்டாவது பெஞ்சில் இடம். பின்னால் பிலோ, குழந்தையின் பையோடு. பிரசங்கம் நீண்டது. மின்விசிறி என் பக்கம் திரும்பவே இல்லை. முழந்தாளிட்டேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை எழும்போதும் கை தானாகப் பின்னால் போய்ச் சேலையைத் தடவியது. ஈரம் இல்லை. மூன்றாவது தடவை பின்னாலிருந்து ஒரு மூச்சுக் குரல், "மங்கு நிக்குதா?" "நிக்குது" என்றேன் திரும்பாமல். ஜெபம் சொல்கிறேன் என்று பக்கத்து அம்மா நினைத்திருப்பார்.

ஃபாதர் பெயர் சொல்லி அழைத்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் போனேன், கோயில் முழுவதுக்கும் என் முதுகைக் காட்டிக்கொண்டு. நெற்றியில் தண்ணீர் விழுந்ததும் பையன் அலறினான். நான் அவன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன். கை அதன்பிறகு பின்னால் போகவேயில்லை, போவதற்கு நேரமில்லை.

மதியம் சோறு, ஆட்டுக்கறி, பச்சை அகர்-அகர். அத்தை என்னிடம் வந்து, "அந்த மணி அச்சைக் கொடுத்துட்டுப் போயேன்" என்றார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பிலோவுக்குப் புரையேறிவிட்டது. தனியாக வந்து சொன்னாள், "எனக்கும் ஒண்ணு ஆர்டர் போடுக்கா. நடுத்தோட்டத்துல பேட் மாத்தி, பேப்பர்ல சுத்தி, பால் வாளியோடயே தூக்கிட்டு வரேன் தெரியுமா. ரெண்டு பெத்தவளுக்கு என்ன சைஸ்?" பெரியது என்றேன், 65 வெள்ளி.

பிற்பகல் 3.30. மெர்லிமாவ் பஸ் நிறுத்தம். குழந்தையை அந்தோணி மடியில் விட்டுவிட்டு, குழந்தைப் பையைக் கழற்றக்கூட மறந்து என்னை ஏற்றிவிட வந்திருந்தாள் பிலோ. பஸ் வளைவில் தெரிந்தது. அவள் பைக்குள் கையை விட்டு, டயப்பருக்கெல்லாம் அடியிலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பேட்.

"நேத்து சந்தான் வாங்கப் போனேன்ல, காக்கா கடையில. மங்கு கவுந்துட்டா? அதான் கோயில்ல உன் பின்னாடியே வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஜெனி ஞானஸ்நானத்தப்பவே சொல்லியிருந்தா, அன்னிக்கும் ஒண்ணு பையில போட்டிருப்பேன்லக்கா."

டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பேட் இல்லாமல் போவேன் என்று சபதம் போட்டு வீட்டைப் பூட்டியவள், கோலாலம்பூர்வரை ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிரிக்க வேண்டிய தேவை வரவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.