கனகத்தின் காப்பியும் கிராமத்தின் விளைச்சலும்

அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற தார்ச்சாலையை ஒட்டியே வெங்கடபதியின் தோட்டம் இருந்தது. அவருடைய புகழுக்கு அந்தச் சாலைதான் காரணம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். தன் உழைப்புதான் காரணம் என்பார். உழைப்பாளிதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நாட்டின் மக்காச்சோளக் கணக்குக்கே அவர் ஆதாரமாகிப் போனதற்குச் சாலையும், அவர் மனைவி கனகம் போடும் காப்பியும்தான் காரணம்.

ஒவ்வொரு அறுவடைக்கும் புள்ளியியல் ஆய்வாளர் லட்சுமணசாமி ஊருக்கு வருவார். எந்தக் காட்டில், அதாவது யாருடைய நிலத்தில், அளக்க வேண்டும் என்று மேலிடத்தில் குலுக்கிப் போட்டு எண் அனுப்புவார்கள். அந்தக் காட்டுக்குப் போய், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே விளைந்ததை அறுத்து எடை போட வேண்டும். அதுதான் கிராமத்தின் விளைச்சல். கிராமங்கள் சேர்ந்து மாவட்டம், மாவட்டங்கள் சேர்ந்து மாநிலம், அப்புறம் டெல்லி. ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. குலுக்கலில் வரும் காடுகள்தான் சொல்லிவைத்தாற்போல் ஓடைப் பள்ளத்துக்கு அப்பால், ஜீப் போகாத முள்ளுக்குள் இருந்து தொலைத்தன.

லட்சுமணசாமி கெட்டவர் இல்லை, முட்டிவலிக்காரர். எந்தக் காடாக இருந்தால் என்ன, சோளம் சோளம்தானே என்று வெங்கடபதியின் தோட்டத்திலேயே கயிற்றைக் கட்டிவிட்டு, கனகத்தின் ஒப்புட்டுப் போளியையும் காப்பியையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போவார். பிறகு செல்போன் செயலி வந்தது. அளக்கும் இடத்தைப் படமெடுத்து அங்கிருந்தே அனுப்பினால்தான் ஆயிற்று என்றார்கள். பள்ளத்துக்கு அப்பால் சிக்னல் கிடையாது. வெங்கடபதியின் வாசலில் அமோகமாகக் கிடைக்கும். அதுவரை முட்டிவலியாக இருந்த காரணம், அன்று முதல் தொழில்நுட்பக் காரணமாகப் பதவி உயர்வு பெற்றது.

வெங்கடபதிக்குப் பெருமை தாங்கவில்லை. மாவட்ட விளைச்சல் பேப்பரில் வந்தால் டீக்கடையில் உட்கார்ந்து, "நம்மதுதானுங்க" என்பார். அவர் சொன்னதில் பொய்யே கிடையாது.

அப்படி இருக்கையில்தான் மழை பொய்த்தது. போதாததற்குப் படைப்புழு வேறு. ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீரும் இருந்ததால் வெங்கடபதி தப்பித்தார். பள்ளத்துக்கு அப்பால் மானாவாரி வைத்திருந்த ஜெயக்கொடிக்கு விதைக் காசுகூடத் திரும்பவில்லை. பயிர்க்கடன் கொடுக்கும்போதே காப்பீட்டுப் பணமும் பிடித்துக்கொள்வதால், இழப்பீடு வரும் என்று நம்பியிருந்தாள். உங்கள் கிராமத்தில் நல்ல விளைச்சல் என்று கணக்கு இருக்கிறது, ஆகையால் ஒருவருக்கும் கிடையாது என்று பதில் வந்தது. அடுத்த வருடமும் மழை இல்லை. அவள் நேராக வெங்கடபதி வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, இந்த வருசமும் பணம் வரலீன்னா காட்டை வித்துப்போட வேண்டியதுதானுங்க. உங்க தோட்டம் வெளையறது எங்கூட்டு அடுப்பை அணைக்குதுங்க."

வெங்கடபதிக்குச் சுருக்கென்றது. நன்றாக வெள்ளாமை செய்வது ஒரு குற்றமா என்று அன்றெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இந்த வருடக் குலுக்கலில் ஜெயக்கொடியின் காடே வந்திருக்கிறது என்று தெரிந்ததும், ஆய்வாளரைப் போனில் கூப்பிட்டு அங்கே போகச் சொல்லிப் பார்த்தார். வந்து பேசிக்கொள்ளலாம் என்றார் அவர். வந்தால் என்ன நடக்கும்? வாசலுக்கு வந்த மனிதரைக் காப்பி கொடுக்காமல் அனுப்ப அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. காப்பி குடித்தவரைப் பள்ளம் தாண்டச் சொல்லவும் தெரியாது.

வழி கண்டுபிடித்தவள் கனகம்தான். ஆய்வாளர் வருகிற அன்று வீட்டைப் பூட்டினாள். பருப்பும் வெல்லமும் காப்பிப்பொடியும் எடுத்துக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு பள்ளம் தாண்டி ஜெயக்கொடி வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பூட்டிய கதவைப் பார்த்துத் திகைத்துப்போன லட்சுமணசாமி போன் செய்தபோது, பள்ளத்தின் மேட்டில் சிக்னலுக்காகவே நின்றிருந்த வெங்கடபதி, ஜெயக்கொடி வீட்டில் ஒப்புட்டு சூடாக இருக்கிறது, நடந்து வாருங்கள் என்றார். முட்டிவலி வழிவிட்டது. குலுக்கல் எண்ணும் கயிறும் அந்தக் கிராமத்தில் முதன்முதலாக ஒரே காட்டில் சந்தித்தன.

எடை இரண்டு கிலோ தேறவில்லை. ஆய்வாளர் தராசைத் தட்டிப் பார்த்தார். ஏற்கெனவே நாலு ஒப்புட்டு உள்ளே போயிருந்தது. சாப்பிட்ட வீட்டைப் பற்றி இப்படி எழுத அவருக்கு மனம் வரவில்லை.

"இத்தனை கம்மியா எழுதினா உங்களுக்குத்தானுங்க மரியாதைக் கொறச்சல்," என்றார் தணிந்த குரலில். "ஒரு பத்துன்னு போட்டுக்கறேனுங்க."

"மரியாதை கெடக்கட்டுங்க," என்றாள் ஜெயக்கொடி. "உள்ளதை எழுதிப்போடுங்க."

ஆய்வாளர் ஆதரவு தேடி வெங்கடபதியைப் பார்த்தார். வெங்கடபதி காய்ந்த சோளத் தட்டைகளைப் பார்த்தார். பேப்பர், டீக்கடை, அத்தனை வருடப் பெருமை, எல்லாவற்றையும் விழுங்கினார்.

"எழுதுங்க. என்ர தோட்டம் மட்டும் இந்த ஊரு இல்லீங்க."

எழுதினார், பள்ளத்தின் மேட்டில் ஏறி நின்று சிக்னல் பிடித்துப் படத்தையும் அனுப்பினார். இழப்பீடு வந்தது. காடு தப்பியது.

கதை இங்கே முடிந்திருந்தால் அரசாங்கத்துக்கு நல்ல பெயர். மறு வருடம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஊரெல்லாம் சோளம். குலுக்கலில் வேறு யாருடைய காடோ வந்தது. ஆனால் லட்சுமணசாமியின் கால் போன வருடம் ஒப்புட்டு கிடைத்த வழியில் போயிற்று. ஜெயக்கொடியின் கல்லாங்காட்டில், எந்த மழைக்கும் பாதிக்குமேல் விளையாத இடத்தில், கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார்.

களத்தில் கொட்டிவைக்க இடமில்லாமல் வெங்கடபதி திண்டாடிக்கொண்டிருந்த ஒரு நாள், அவர் செல்போனுக்குச் செய்தி வந்தது. தங்கள் பயிர் பெருமளவு பாதிக்கப்பட்டதற்காக வருந்துவதாகவும், இழப்பீடு கணக்கில் சேர்ந்துவிட்டதாகவும் இருந்தது. சோளக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அதை இருமுறை படித்தார். ஊரே சிரித்துக்கொண்டு வங்கிக்குப் போயிற்று. அவருக்கு மட்டும் அவமானமாக இருந்தது. வாழ்நாளில் கண்டிராத வெள்ளாமை, அரசாங்கக் கணக்கில் அழிந்துபோயிருந்தது.

உள்ளே வந்து கனகத்திடம் கேட்டார்: "ஜெயக்கொடி காப்பி என்ன, அத்தனை நல்லாவா இருக்குது?"

"இருக்காதுங்களா பின்ன?" என்றாள் கனகம். "பொடி நம்மூட்டுலிருந்துதானுங்களே போகுது."