காலி வயிற்றுக் காவல்

"ஊது" என்று ஏனோக்கின் வாயருகே மூக்கை நீட்டினாள் சம்பங்கி. அவன் ஊதினான்.

"அவரக்கொட்டை. இப்பத்தான் துன்னிருக்கே. யாரு குடுத்தது?"

தங்கவயல் சுரங்க ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. உடம்பின் உள்ளே இருப்பதைப் படமெடுக்கும் பெட்டி வந்ததிலிருந்து, படத்துக்குப் போகிறவர்களின் வயிற்றைக் காலியாக வைப்பது அவள் பொறுப்பு. இரண்டு நாள் களி, அவரை, கீரை கூடாது. வடித்த கஞ்சித்தண்ணீர் மட்டும். கடைசி மாலை ஒரு கரண்டி விளக்கெண்ணெய். டாக்டர் சொன்னது இவ்வளவுதான். ஒளித்துவைத்த தீனிக்காகத் தலையணையைத் தட்டிப் பார்ப்பதும், கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று "இன்னா, ஆச்சா?" என்று உரக்கக் கேட்பதும் அவளாகச் சேர்த்துக்கொண்டவை. நோயாளிக்கு மானம் ஒரு கூடுதல் சுமை என்பது அவள் எண்ணம்.

ஏனோக் சுரங்கத்தில் பாறை துளைப்பவன். விலாவுக்குக் கீழே வலி என்று மூன்று முறை பாதி ஷிப்டில் மேலே வந்துவிட்டான். நடிக்கிறான் என்றார் மேஸ்திரி. படத்தில் சிறுநீரகக் கல் தெரிந்தால் வைத்தியம். தெரியாவிட்டால் வேலை போகும். குடலில் சாப்பாடு கிடந்தால், இருக்கிற கல்லும் மறைந்துவிடும்.

"பசி தாங்கல, சம்பங்கிக்கா. பியாட்ரிஸ் நாலே நாலு கொட்டை தான் குடுத்தா."

"அந்த நாலும் உன் வேலைய துன்னுடும். பரவால்லியா?"

"பாவமா இருந்திச்சிக்கா" என்றாள் அவன் மனைவி பியாட்ரிஸ்.

"அவ்ளோ பாவம்னா நீயும் எதிர்ல குந்திக் கஞ்சித்தண்ணி குடி."

படம் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. பியாட்ரிஸ் குடித்தாள். விளக்கெண்ணெய் இரண்டு கரண்டியானது. ஒவ்வொன்றுக்கும் ஏனோக் கர்த்தரைக் கூப்பிட்டான்.

மறுநாள், காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் வால்டர் கொண்டுவந்த, படம் விழுந்த கண்ணாடித் தகட்டை, டாக்டருக்கும் முன்னால் சம்பங்கி வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முதுகெலும்பை அவள் பார்க்கவில்லை. வயிறு இருந்த இடத்தைப் பார்த்தாள். "கழுவிக் கவுத்த சட்டி மாதிரி இருக்குது பாரு!"

அப்புறம் அவள் முகம் சுருங்கியது. விலாவுக்குக் கீழே மிளகளவு வெள்ளைப் புள்ளி. எச்சில் தொட்டு முந்தானையால் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தினாள்.

"ஐயோ, தேய்க்காதே ஆயா! அதான் கல்லு!" என்று கத்தினான் வால்டர்.

ஏனோக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "இருக்குதா? நெஜமாவே இருக்குதா?"

சம்பங்கி தகட்டில் தன் விரல் பட்ட கறையை, அந்தப் புள்ளியைத் தொடாமல், அதைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் துடைத்தாள்.