பாங்காக்கில் புளிசாதம்

தாம்பரத்திலிருந்து குடும்பத்தோடு போன பாங்காக் பேக்கேஜ் டூரில் சமையல்காரர் ஒருவரும் வந்தார். கழுத்தில் ஈரத்துண்டு, முகத்தில் சிடுசிடுப்பு. புத்தர் கோயிலோ படகுத்துறையோ, பஸ் வாசலில் நின்று புளிசாதப் பொட்டலத்தைக் கையில் திணிப்பார். புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில் நாங்கள் பொட்டலம் இல்லாமல் நிற்கும் படமே இல்லை.

ஹோட்டலுக்கு எதிரே இருந்த நூடுல்ஸ் கடையைக் காட்டி என் மகள் அடம்பிடித்தாள். "அத்தத் துன்னா வவுறு பேஜாராயிடும் பாப்பா" என்று அதட்டி அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி இரவு அதே கடையில் உட்கார்ந்து அவரே நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு மட்டும் புளிசாதமா?" என்று பாய்ந்தேன்.

அவர் நிமிரவேயில்லை. "உங்களுக்கு ஆக்கிப்போட நான் கீறேன் சார். எனக்கு யாரு கீறாங்க?"

மறுநாள் ஏர்போர்ட் வாசலிலும் பொட்டலத்தை நீட்டினார். முறைத்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டேன்.