அவள் தோளில் வைத்துப் பார்த்த கவுன்

பிளஸ் டூ பிரியாவிடை விழாவில் எல்லோரும் நீளமான கவுன் போட்டு ஆடுவதாக முடிவாகியிருந்தது. கடலூரில் எதுவும் கட்டுப்படியாகாமல், அம்மாவும் நானும் சிதம்பரத்தில் ஒரு சிறிய கடைக்குப் போனோம். எங்களுக்குக் கட்டுப்படியானது மெரூன் கவுன் ஒன்றுதான்.

"இதப் போட்டுக்கினு எப்படி ஆடுறது?" என்று ட்ரையல் ரூமில் சிடுசிடுத்தேன். கவுனின் இடுப்பைப் பிடித்து ஊசி குத்திக்கொண்டிருந்த விற்பனைப் பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்கும்.

"நல்லாத்தான் இருக்கு. எங்க ஸ்கூல்லயும் ஆடுனாங்க. அதுக்கு முன்னாடியே என் படிப்ப நிறுத்திட்டாங்க" என்றாள்.

உடை மாற்றியதும் கவுனை அவளிடம் நீட்டினேன். "நீயும் போட்டுப் பாரேன்."

"ஐயோ, மொதலாளி திட்டுவாரு" என்றவள், அதைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக் கண்ணாடி முன் சற்று நேரம் நின்றாள். பிறகு மடித்துக் கொடுத்தாள்.

விழாவில் அதைப் போட்டுத்தான் ஆடினேன். ஆனால் அவள் பார்த்ததுபோல் அவ்வளவு ஆசையாக அந்த உடையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.