பெற்றோல் பம்பின் பொட்டு

தர்மலிங்கம் அண்ணர் காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் சீசா என்ற இடத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

அவரை அறியாதவர்களுக்கு முதலில் அந்தப் பெற்றோல் நிலையத்தைச் சொல்லவேண்டும். பகேரியா போகும் பழைய வீதியில், குடைபோல வட்டக் கூரை. கீழே ஆளுயரத்தில் ஒரு நீலப் பம்ப். உலகப்போர் முடிந்த கையோடு முதலாளி அம்மாவின் மாமனார் கட்டியது. முதலாளி அம்மாவை நாங்கள் இத்தாலிய வழக்கப்படி சிஞ்ஞோரா என்றே அழைப்போம். அண்ணர் அங்கே பெற்றோல் அடித்தார். நான் கார் கழுவினேன்.

ஆயுதபூசையன்று அண்ணர் பம்பைக் குளிப்பாட்டி, அதன் நெற்றி என்று தாமே தீர்மானித்த ஓரிடத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். வரும் கார்களின் சில்லுக்கடியில் தேசிக்காயும் வைப்பார். முதல் வருடம் சிஞ்ஞோரா, நல்ல எலுமிச்சங்காய்கள் வீணாகின்றன என்று சத்தம் போட்டார். அடுத்த வருடம் அவரே தமது தோட்டத்திலிருந்து ஒரு கூடை கொண்டுவந்தார். டாக்சிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

"இஞ்சத்தைய தேசிக்காய் தேங்காயளவு. கார் அதிலை ஏறி இறங்கிறதுக்கிடையிலை அடிச்ச பெற்றோல் முடிஞ்சுபோம்" என்பார் அண்ணர்.

பிறகு பெரிய சாலை திறந்தது. கார்கள் அந்தப் பக்கம் போயின; நிலையம் மூடப்பட்டது. இடித்துவிட்டு வீடு கட்டப் பலர் கேட்டும் சிஞ்ஞோரா கொடுக்கவில்லை. பழையபடி திருத்தி, ஒரு காப்பிக்கடையோடு திறப்பதென்று முடிவெடுத்தார். கூப்பிட்டதும் அண்ணர் வேலைக்குப் போய்விட்டார். பம்பின் பழைய பெயின்றை அப்படியே விட்டு, அழுக்கை மட்டும் எடுப்பதென்பதே ஏற்பாடு.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் அண்ணர் ஒரு காரியம் செய்தார். வருடக்கணக்கில் வைத்த குங்குமம் பம்பில் ஊறிக் கறையாக நின்றது. அதைத் தின்னர் போட்டுத் தேய்த்தார். கறையோடு பெயின்றும் போய்த் தகரம் தெரிந்தது.

அன்று மாலை என்னிடம் வந்து சொன்னார்: "பழையபடி எண்டால் நான் வாறதுக்கு முந்தி இருந்தமாதிரித்தானே, தம்பி? அதுதான் துடைச்சனான். சிஞ்ஞோரா கத்தின கத்து! 'மாமா கட்டினார், நீ காப்பாற்றினாய். உன்னை அழிக்க உனக்கு யார் சொன்னது?' எண்டு கேட்டு அழுதிட்டா. அதுக்கு மேலை பெயின்ற் அடிக்கவும் விடேல்லை. வாற ஆயுதபூசைக்கு அதிலையே பொட்டு வைக்கவேணுமாம்."

எனக்கும் கோபம்தான் வந்தது. கூரை தொடங்கி கடைசி நட்டு வரை துடைத்த மனிதர், அழுக்கென்று தம்மையும் சேர்த்தல்லவா துடைத்துவிட்டார்! "வைப்பம், வைப்பம்" என்று அண்ணர் சிரித்துவிட்டுப் போனார்.

நேற்று ஆயுதபூசை. வைக்க அண்ணர் இல்லை. சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு நான் போனேன். எனக்கு முன்னரே சிஞ்ஞோரா, தேசிக்காய்க் கூடையோடு பம்பருகே நின்றார். நான் சந்தனத்தில் கை வைக்கப் போக, கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எந்த விரல்?" என்று கேட்டார்.

மோதிரவிரலைக் காட்டினேன். தகரம் தெரிந்த இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். பழக்கமில்லாததால் பொட்டு கோணலாகிவிட்டது. சரிசெய்யலாமென்று துணியை எடுத்தேன்.

"தொடாதே" என்றார்.

அண்ணை, இனி அதை ஒருத்தரும் துடைக்க மாட்டினம். போயிட்டு வாங்கோ.