வளர்த்தவருக்கு ஒரு துளி

பத்திரிகை வந்ததும் செயலாளர் விளையாட்டுப் பக்கத்தைத்தான் பிரிக்கிறார். எவன் எத்தனை கோல் போட்டான் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாதது. எந்த ஆட்டக்காரனுக்கு எந்தப் பயிற்சியாளரோடு ஒத்துப்போகவில்லை, அதுதான் வேண்டும். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அன்று காபிக்குச் சர்க்கரை தேவைப்படாது.

பொல்லாத மனிதர் இல்லை. சின்னக் கால்பந்து கிளப் ஒன்றை ஆயுசில் பாதி கட்டி மேய்த்தவர். ஓர் ஆட்டக்காரனை ஒரு கிளப் இன்னொன்றிடமிருந்து விலைக்கு வாங்கினால், சிறுவயதில் அவனை வளர்த்த கிளப்புக்கும் அதில் ஒரு துளி வரும் என்பது விதி. விற்ற கன்று கைமாறும்போதெல்லாம் பழைய சொந்தக்காரனுக்குக் கயிற்றுக்காசு வருகிற மாதிரி. பையன் இருக்கிற இடத்திலேயே சந்தோஷமாக இருந்துவிட்டால் ஒரு பைசா கிடையாது. ஆகவே, வளர்த்த பிள்ளைகள் எங்கேயும் வேர் பிடித்துவிடக் கூடாதே என்று இவருக்கு ஓயாத கவலை.

அடிக்கடி எல்லோருக்கும் போன் போட்டு நலம் விசாரிக்கிறார்.

"உன்னைக் கடைசி பத்து நிமிஷம்தான் இறக்கினாங்களாமே? நான் ஒண்ணும் சொல்லலப்பா. மனசு கேக்கல, அவ்வளவுதான்."

"பிள்ளைங்க ஒரு இடத்துல நிலைக்கணும்னு ஊர்ல வேண்டிக்குவாங்க. நீங்க நாரதர் வேலை பாக்குறீங்க" என்கிறார் மனைவி.

"நாரதர் கலகம் நன்மையிலதான் முடியும். போ, போ."

இந்த வருஷம் நிலைமை மோசம். மைதானத்துக்காரர் குத்தகைப் பணத்துக்கு மாதக் கடைசிவரைதான் தவணை கொடுத்திருக்கிறார். தவறினால் அங்கே கார் நிறுத்துமிடம் வரும். நம்பிக்கையெல்லாம் நெட்டையன் மேல். சின்ன வயதில் இங்கே கோல் காத்தவன். இப்போது பெரிய கிளப் ஒன்று அவனை வாங்கத் துடிக்கிறது. அவன் சரி என்றால், வருகிற துளியிலேயே குத்தகை தீர்ந்துவிடும்.

நேற்று அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, பணம் நிறையத் தர்றாங்க. ஆனா அங்க ஏற்கெனவே ரெண்டு கோல்கீப்பர் இருக்காங்க, நான் பெஞ்சு தேய்க்கணும். இங்க எல்லா மேட்சும் ஆடுறேன். பொண்ணும் இப்பத்தான் ஸ்கூலுக்கு அழாம போறா. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

கலகமூட்டியே பழகிய நாக்கு. "போ" என்று ஒரு சொல் போதும். செயலாளர் வாயைத் திறந்தார்.

"ஆடுற இடத்துலயே இருடா. பெஞ்சு தேய்க்கவா உன்னை வளர்த்தேன்?"

போனை வைத்தார். பிறகு கையை ஓங்கி, தன் வாயிலேயே பட்டென்று ஒன்று போட்டுக்கொண்டார்.